அடிக்கணக்கில் அடங்காத ஏரிகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியில், சுற்றுலா வருவோரின் கண்ணுக்கு இயற்கையின் கொடையாகத் தோன்றும் ஏரிகளில் பெரும்பாலானவை மனிதர் கட்டியவை என்பதும், அவற்றில் மிகப் பழையதற்கும் இருநூறு ஆண்டு வயதுதான் என்பதும், அம்மலை ஏரிகளின் சூழலியலைப் பேசத் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டிய செய்திகளாகும். உதகமண்டலம் ஏரி 1820களில் ஜான் சல்லிவன் ஓடையை மறித்து உண்டாக்கியது. கொடைக்கானல் ஏரி 1863இல், மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சின் முயற்சியால் சதுப்புநிலம் ஒன்றின் குறுக்கே கரை எழுப்பி உருவாக்கப்பட்டது. தேக்கடியில் படகு ஓடும் பெரியாறு ஏரி, 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் பின்னே ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேங்கிய ஆற்றுநீர். குண்டளை, மாட்டுப்பட்டி, ஆனையிறங்கல், பரம்பிக்குளம், சோலையாறு என்று அடுக்கிக்கொண்டே போகக்கூடிய மற்றவையெல்லாம் இருபதாம் நூற்றாண்டின் நீர்மின், பாசனத் திட்டங்களால் பிறந்தவை. வயநாட்டின் பூக்கோடு போன்ற ஒன்றிரண்டு இயற்கை ஏரிகள் இதற்கு விலக்கு.

இமயத்திலோ ஆல்ப்ஸ் மலையிலோ உள்ள ஏரிகள் பனிப்பாறைகள் குடைந்த பள்ளங்களில் உண்டாகி, பனி உருகிய நீரால் பல்லாயிரம் ஆண்டுகளாக நிலைத்திருப்பவை. புவி வெப்பமாதலால் அங்கே முதலில் நேர்வது பனி உருகிப் பெருகுதலும் கரை உடைதலும்தான் என்பதை, 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனக் ஏரி உடைந்து தீஸ்தா ஆற்றின் அணையையே அடித்துச் சென்ற நிகழ்வு காட்டியது. பனியே இல்லாத தென்னக மலைகளில் அவ்வாறு ஒரே இரவில் கண்ணுக்குப் புலப்படும் மாற்றம் அரிது. இங்கே மாற்றம் நீருக்குள்ளே, மெதுவாக, அளப்பாரின்றி நடக்கிறது.

அளப்பாரின்றி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழகமும் கேரளமும் இந்த ஏரிகளை அளக்காத நாளே இல்லை. ஆனால் அந்த அளவுகள் எல்லாம் அடியிலும் கன அடியிலும் டிஎம்சியிலும் முடிந்துவிடுகின்றன. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி நீர். முல்லைப் பெரியாற்றின் நீர்மட்டம் 136 அடியா 142 அடியா 152 அடியா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2006இலும் 2014 மே மாதத்திலும் தீர்ப்புகள் வந்து, ஓர் அடி கூடினாலும் குறைந்தாலும் மறுநாள் செய்தித்தாளில் இடம்பெறும் நிலை இன்றும் நீடிக்கிறது. அதே ஏரியின் நீர் வெப்பநிலை கடந்த முப்பது ஆண்டுகளில் எவ்வளவு மாறியது என்று கேட்டுப் போராடியவர் இரு மாநிலத்திலும் இல்லை.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கோயம்புத்தூரை ஒட்டி இருக்கும் வேலந்தாவளத்திலிருந்து பார்த்தால், இந்தக் கணக்கின் நியாயமும் போதாமையும் ஒருங்கே விளங்கும். சித்தூர் வட்டத்தின் எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை ஊராட்சிகளைப் போலவே, இவ்வூர் அடங்கிய வடகரப்பதி ஊராட்சியும் வீட்டில் தமிழ் பேசும் மக்கள் மிகுந்த, மழை மறைவுப் பகுதி. பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பால் தென்மேற்குப் பருவமழை இளைத்துவிடுவதால், கேரளத்தில் நிலத்தடி நீர் அளவுக்குமீறி உறிஞ்சப்பட்ட வட்டாரமாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்தால் குறிக்கப்பட்டுவந்தது சித்தூர். இப்பகுதிக்கு வாய்க்கால் நீர் என்பது பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் நீர்தான். 1970இல் கையெழுத்தாகி 1958 முதல் செல்லுபடியாகும் ஒப்பந்தத்தின்படி, ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீர் மணக்கடவு அணைக்கட்டில் அளந்து கேரளத்துக்கு விடப்பட வேண்டும். அது சித்தூர்ப்புழையில் இறங்கி மூலத்தறையில் தடுக்கப்பட்டு வயல்களுக்குப் பிரிகிறது. மூலத்தறை வலதுகரைக் கால்வாயை வேலந்தாவளம் வரை நீட்ட வேண்டும் என்பது இவ்வூர் உழவர்களின் பல்லாண்டுக் கோரிக்கை. தண்ணீர் வருமா, எவ்வளவு வரும் என்ற கேள்வியே வாழ்வாக இருக்கும் இடத்தில், அந்தத் தண்ணீரின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி எழாதது வியப்பல்ல.

ஆனால் அது எழ வேண்டிய கேள்வி. மேல் சோலையாற்று நீர் சுரங்கம் வழியாகப் பரம்பிக்குளத்துக்கும், அங்கிருந்து மற்றொரு சுரங்கத்தால் தூணக்கடவுக்கும், பிறகு மலையைத் துளைத்துச் சர்க்கார்பதி மின்நிலையத்துக்கும், அதன்பின் ஆழியாற்றுக்கும் திருமூர்த்திக்கும் செல்வதால், ஒரு மலை ஏரியில் நேரும் கேடு அந்த ஏரியோடு நிற்காமல் அடுத்தடுத்த நீர்த்தேக்கங்களுக்கும், மேற்கே ஓடும் ஆற்றின் படுகையிலிருந்து கிழக்கு நோக்கிய சமவெளிக்கும் பயணப்பட வழியிருக்கிறது. மீன் முட்டையும் பாசி வித்தும் நீர்க்களையின் துண்டும் மாநில எல்லையையோ, இரு ஆற்றுப் படுகைகளைப் பிரிக்கும் மலைமுகட்டையோ அறியமாட்டா; சுரங்கம் திறந்திருந்தால் போதும்.

ஆழமான நீர்நிலையில் தண்ணீர் மேலிருந்து கீழ்வரை ஒரே தன்மையோடு இருப்பதில்லை என்பதை முதலில் அறிந்துகொண்டால், மற்றவை எளிதில் விளங்கும். வெயில் பட்ட மேல்நீர் சூடாகி இலேசாகிவிட, குளிர்ந்து கனத்த நீர் அடியில் தங்க, இரண்டுக்கும் நடுவே வெப்பநிலை சட்டென்று மாறும் ஓர் இடைத்தட்டு உண்டாகிறது. நீர் இவ்வாறு தட்டுத்தட்டாகப் பிரிந்து நிற்பதை அடுக்கமைவு என்பர். காற்றிலிருந்து உயிர்வளி மேல்தட்டில்தான் கரைகிறது. பாசிகளும் அங்கேதான் ஒளியைக்கொண்டு உணவு சமைத்து உயிர்வளியை விடுகின்றன. அடித்தட்டுக்கு அவ்விரண்டும் எட்டாது; அங்கே விழுந்து மட்கும் இலையும் சருகும் இறந்த உயிரிகளும் இருக்கும் உயிர்வளியையும் தின்று தீர்க்கின்றன. குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும்போதும், பருவமழைக் காற்று நீரைக் கலக்கும்போதும்தான் அடித்தட்டு மீண்டும் மூச்சு விடுகிறது.

வெப்பம் கூடினால் இந்த ஒழுங்கு மூன்று வழிகளில் குலைகிறது. சூடான நீர் குறைவான உயிர்வளியையே கரைத்து வைத்திருக்கும்: கடல்மட்டத்தில் 10 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் உயிர்வளியை ஏற்குமென்றால் 25 டிகிரியில் 8.3 மில்லிகிராமையே ஏற்கும். மலை ஏரிக்கு இதில் இரட்டைக் குறை உண்டு. காற்றழுத்தம் குறைவதால், கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேலிருக்கும் ஏரியில் இவ்வளவிலும் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடியாகிவிடும். அடுத்து, மேல்நீருக்கும் அடிநீருக்கும் வெப்ப வேறுபாடு கூடக்கூட அடுக்குகள் கலக்கும் காலம் சுருங்குகிறது. கடைசியாக, உயிர்வளி அறவே அற்ற அடிமண்ணில், இரும்போடு பிணைந்து கிடந்த பாஸ்பரஸ் விடுபட்டு நீரில் கலக்க, அது மேலெழுந்து பாசிக்கு உரமாகிறது. அந்தப் பாசி இறந்து அடியில் விழுந்து உயிர்வளியை மேலும் குறைக்கிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டுக் கழிவு வராவிட்டாலும், பழைய அழுக்கைக்கொண்டே ஏரி தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளத் தொடங்கும் கட்டம் இது.

உலகெங்கும் 235 ஏரிகளின் மேற்பரப்பு வெப்பநிலையை 1985 முதல் 2009 வரை தொகுத்துப் பார்த்து 2015இல் வெளியான ஆய்வொன்று, பத்தாண்டுக்கு சராசரி 0.34 டிகிரி வீதம் ஏரிநீர் சூடாகிவருவதைக் கண்டது. மிதவெப்ப நாடுகளின் ஏறத்தாழ நானூறு ஏரிகளைப் பற்றி 2021இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, மேல்நீரில் உயிர்வளி 5.5 விழுக்காடும் ஆழ்நீரில் 18.6 விழுக்காடும் குறைந்திருந்தன. ஆழத்தில் இழப்பு மூன்று மடங்குக்கு மேல் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

பெரியாறு ஏரியில் இந்தச் சிக்கலோடு அணையின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. நீரைக் கிழக்கே வைகைப் படுகைக்குக் கொண்டுசெல்லும் சுரங்கத்தின் வாய் 104 அடி மட்டத்தில் இருப்பதால், அதற்கு மேலுள்ள நீர்தான் புழங்குகிறது. அடியில் உள்ளது தேங்கியே கிடக்கிறது. நிரம்பும் காலத்தில் மதகு திறந்தால் மட்டுமே பழைய ஆற்றுக்கு நீர் போகும். அணை கட்டியபோது வெட்டாமல் மூழ்கவிட்ட காட்டின் மொட்டை மரங்கள் நூற்று முப்பது ஆண்டுகளாகியும் நீருக்கு மேல் தலைநீட்டி நிற்பதும், அவற்றின்மேல் பாம்புத்தாராவும் நீர்க்காகமும் கூடு கட்டுவதும் தேக்கடிக்குச் சென்றவர் யாவரும் கண்ட காட்சி. நீரில் மூழ்கிய காடு மட்கும்போது, உயிர்வளி இல்லாத ஆழத்தில் மீத்தேன் உண்டாகிறது என்பதும், அது கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு என்பதும், நீர்மின்சாரம் முற்றிலும் தூயது என்று நம்புவோர் நினைவில் கொள்ளத்தக்கவை.

கோடையில் பெரியாறு ஏரி வற்றும்போது விளிம்பில் வெளிப்படும் சேற்றுநிலத்தில் இளம்புல் முளைத்து, யானைக்கும் காட்டெருதுக்கும் மிளாவுக்கும் வறண்ட மாதங்களின் மேய்ச்சலாகிறது. ஆகவே நீர்மட்டம் ஆண்டின் எந்த மாதத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது பாசனக் கணக்கு மட்டுமன்று, 1978 முதல் புலிகள் காப்பகமாக உள்ள ஒரு காட்டின் உணவுக் கணக்கும்கூட. தேக்கிவைத்த நீரைச் சுற்றியே இந்தக் காட்டின் வாழ்வு தன்னை மாற்றி அமைத்துக்கொண்டுவிட்டது. அணையே கூடாதென்று வாதிடும் சூழல் ஆர்வலர்கள் வசதியாக மறந்துவிடும் உண்மை இது.

நீருக்குள்ளோ கதை வேறு. உயர்மலைப் பெரியாற்றுக்கே உரிய மீன்களில், 1941இல் சுந்தர ராஜ் என்ற மீனியல் அறிஞர் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய பிரம்மணக் கெண்டை தனித்து நிற்பது. தன் பேரினத்தில் வேறு துணையே இல்லாத ஒற்றை இனமான அதை, இமயத்து ஓடைகளின் பனி நீர் மீன்களுக்கு உறவு என்று நெடுங்காலம் கருதிவந்தனர். பெரியாற்றின் மேற்பகுதி தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இம்மீன், பாறைகளின் ஊடே விரைந்து ஓடும் குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த நீருக்குப் பழகியது. ஆறு ஏரியானதும் அதன் வாழிடம் ஏரியில் வந்து விழும் ஓடைகளுக்குள் சுருங்கிவிட்டது. ஏரியின் அகன்ற, அசையாத நீர் யாருக்கு வசதியாயிற்று என்றால், வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மீன்களுக்கு.

இந்தக் குடியேற்றத்தின் வரலாறு மலைவாழிடங்களில்தான் தொடங்குகிறது. ஆங்கிலேயரின் தூண்டில் பொழுதுபோக்குக்காக நீலகிரியிலும், பின்னர் மூணாற்றின் உயர்ந்த ஓடைகளிலும் டிரவுட் மீன் விடப்பட்டது. சாதாக் கெண்டையின் ஒரு வகையான கண்ணாடிக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து உதகை ஏரிக்கு வந்தது. ஊர்ச் சந்தைகளில் ஜிலேபி என்று விற்கப்படும் திலாப்பியா 1952இல் அதே இலங்கை வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தது. உணவுப் பற்றாக்குறை மிகுந்த காலத்தில், எங்கும் வளரும், விரைவில் பெருகும் மீனை அரசே நாடியதைக் குற்றமென்று சொல்லிவிட முடியாது. பிற்காலத்தில் அவை புலிகள் காப்பகத்து ஏரி வரை பரவி, உள்ளூர் மீன்களின் இரையையும் முட்டையிடும் இடத்தையும் பங்குபோட்டுக்கொண்டதுதான் கேடாயிற்று. சாதாக் கெண்டை அடிச்சேற்றைக் கிளறி இரைதேடுவதால் நீர் கலங்குகிறது, சேற்றில் அடங்கிய பாஸ்பரஸ் வெளிப்படுகிறது, நீரடிச் செடிகளின் வேர் பெயர்கிறது. திலாப்பியாவின் முட்டையும் குஞ்சும் தாயின் வாய்க்குள்ளேயே காக்கப்படுவதால், அதன் எண்ணிக்கையைக் குறைப்பது எளிதன்று. பெரியாறு ஏரியில் பரம்பரையாக மீன்பிடிக்கும் மன்னான் பழங்குடியினரின் வலையில் விழுபவற்றிலும் இவ்வந்தேறிகளே மிகுதி என்பது ஒரு கசப்பான முரண்: ஏரியைக் கெடுக்கும் மீனே இன்று அம்மக்களின் வருவாய், ஆதலால் அதை ஒழிப்பது பற்றிய எந்தத் திட்டமும் அவர்களைக் கேட்டே வகுக்கப்பட வேண்டும்.

வெப்பமாதல் இந்தப் போட்டியில் நடுநிலை வகிப்பதில்லை. திலாப்பியா வெப்பநாட்டு மீன். குளிர்தான் அதை மலைக்கு மேலே ஏறவிடாமல் தடுத்துவந்தது. நீர் சூடாக ஆக, அந்த இயற்கை வேலி தளர்கிறது. பிரம்மணக் கெண்டைக்கோ ஓடையில் இதற்குமேல் ஏறிப்போக இடமில்லை.

மழையின் போக்கும் மாறிவருகிறது. 2016இல் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் 34 விழுக்காடும், தொடர்ந்து வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 விழுக்காடும் குறைந்தன. இரண்டே ஆண்டுகளில், 2018 ஆகஸ்டின் முதல் 19 நாட்களில், கேரளம் வழக்கமான மழையைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் பெற்றது. வறண்ட ஆண்டில் சுருங்கிய ஏரியில் ஊட்டச்சத்து செறிந்து பாசி பெருகுகிறது. வெள்ள ஆண்டில் மலைச்சரிவின் மண் சேறாக வந்து ஒளியை மறைத்து, முட்டையிடும் கூழாங்கல் பரப்பை மூடுகிறது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் எழுபது தேயிலைத் தோட்டத் தமிழரின் உயிரைக் கொண்டுபோன மண்சரிவு, இத்தகைய மழைக்கு மலை எப்படிப் பதில் சொல்லும் என்பதற்கு மிகக் கொடிய சான்று. வெள்ளம் மீன்களையும் இடம் மாற்றுகிறது: 2018 வெள்ளத்துக்குப் பின், பரம்பிக்குளம், சோலையாறு ஆகியவற்றின் நீரைத் தன்னுள் வாங்கும் சாலக்குடி ஆற்றில், அமேசான் ஆற்றின் பெருமீனான அரபைமா வலையில் சிக்கியது. பண்ணைக் குளங்களும் தொட்டிகளும் உடைந்ததால் தப்பியவை இவை.

ஏரியின் கரையில் நகரம் வளர்ந்த இடங்களில் நிலைமை இன்னும் வெளிப்படையானது. உதகை ஏரியின் பழைய பரப்பு பெரிது. அதன் ஒரு பகுதியைத் தூர்த்தே குதிரைப்பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் அமைந்தன. எஞ்சிய பகுதிக்குள் நகரின் கழிவுநீர் வந்து சேர, ஆகாயத்தாமரை படர்ந்தது. ஊட்டமிகுதல் என்று நீரியலார் சொல்வது இதைத்தான்: நைட்ரஜனும் பாஸ்பரசும் அளவுக்குமீறி வந்து, ஏரி வளமாகி, அந்த வளத்தாலேயே மூச்சுத்திணறுவது. களையை வாரி எடுப்பதும், பணம் தீர்ந்ததும் அது மீண்டும் படர்வதும் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம். கழிவுநீர்க் குழாயை நிறுத்தாமல் களையை மட்டும் எடுப்பது வீண் செலவு. ஒப்பிட ஒரு நல்ல செய்தியும் உண்டு: கேரளத்து நீர்நிலைகளை ஒருகாலத்தில் மூடிய ஆப்பிரிக்கப் பாயல் என்னும் மிதக்கும் பெரணியை, அதன் தாயகமான தென்னமெரிக்காவையே பூர்விகமாகக் கொண்ட, 1980களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சிறு கூன்வண்டு பெருமளவு அடக்கிவிட்டது.

கொடைக்கானல் ஏரிக்குக் கழிவுநீரோடு மற்றொரு நஞ்சும் சேர்ந்தது. 1980களில் தொடங்கி 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வெளிப்பட்ட பாதரசம், தொழிற்சாலை ஏரிக்கரையில் இல்லாதபோதும் காற்றின் வழியாக வந்து படிந்ததென்றும், ஏரியின் நீர், வண்டல், மீன் ஆகிய மூன்றிலும் அது காணப்பட்டதென்றும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டனர். உயிர்வளி அற்ற வண்டலில் வாழும் நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் இந்நஞ்சு சிறு உயிரியிலிருந்து பெரிய மீனுக்கு ஏற ஏறச் செறிவு கூடுகிறது. அடிநீரில் உயிர்வளி குறைவதற்கும் மீன் உண்போரின் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு இதில் வெளிப்படுகிறது.

ஏரிக்கு வெளியே, அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் நேர்ந்தவை வேறு. மழைநீரைப் பிடித்துவைத்து ஆண்டு முழுவதும் ஓடைக்குக் கசியவிடுவன சோலைக்காடுகளும் அவற்றைச் சூழ்ந்த மலைப்புல்வெளிகளும். பழனிமலைகளில் 1973க்கும் 2014க்கும் இடையே அப்புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு சீகை, தைலம், பைன் ஆகிய அயல் மரங்களுக்கும் பயிர்களுக்கும் இடமளித்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நடந்த ஆய்வு காட்டுகிறது. கொடைக்கானலுக்கு அப்பால் காட்டுக்குள் அமைந்த, பெரியகுளத்தின் குடிநீர் ஆதாரமான பேரிஜம் ஏரி, வனத்துறையின் அனுமதிச் சீட்டுக்கு உட்பட்டிருப்பதால், நகர ஏரியின் கதியை அடையாமல் நிற்கிறது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் சென்னை உயர் நீதிமன்றம் இ-பாஸ் கட்டாயமாக்கியதும், மறு ஆண்டு நாளொன்றுக்கு நுழையும் வண்டிகளுக்கு உச்சவரம்பு விதித்ததும் வணிகர்களின் எதிர்ப்பைச் சந்தித்தன. ஆனால் ஏரிக்கரையில் இடமிருக்கும் அளவுக்கே வண்டி என்ற நெறி, பேரிஜத்தின் அனுபவத்தைப் பார்த்தால், தவறாகத் தோன்றவில்லை.

புவி வெப்பமாதலை மணக்கடவில் நின்று தடுத்துவிட முடியாது. அதன் தாக்குதலைத் தாங்கும் வலு ஏரிக்கு இருக்கிறதா என்பது கழிவுநீர், அயல் மீன், மொட்டையான சரிவு ஆகிய உள்ளூர்க் கேடுகளைப் பொறுத்தது. அவை மூன்றும் இரு மாநில அரசுகளின் கையில் இருப்பவை. 2014 தீர்ப்பின்படி முல்லைப் பெரியாற்றுக்கு மேற்பார்வைக் குழு ஒன்று அமைந்தது. பரம்பிக்குளம் – ஆழியாற்றுக்கு இரு மாநிலக் கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியம் கூடுகிறது. நீர்மட்டத்தையும் மதகின் உறுதியையும் பார்க்க ஆளும் படகும் ஏற்கெனவே அங்கே போகின்றன. அதே படகில் ஒரு வெப்பமானியையும் உயிர்வளி அளவியையும் கொண்டுபோய், மாதம் ஒருமுறை மேல்தட்டிலும் அடித்தட்டிலும் அளந்து, பிடிபட்ட மீன்களின் இனத்தையும் எழுதிவைத்து, அப்பதிவேட்டை இரு மொழியிலும் மக்கள் பார்க்க வெளியிடுவதற்குப் புதிய ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. வேலந்தாவளம் உள்ளிட்ட வடகரப்பதி ஊராட்சியின் உழவர்களும், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்களும் அடுத்தமுறை டிஎம்சி கேட்டு மனுக் கொடுக்கும்போது, அந்தப் பதிவேட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.